மக்னேசியாவின் இளம் ஆயர்

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உரோமைப் பேரரசர் திரயானுவின் ஆட்சிக்காலத்தில் (கி.பி. 98-117), சிரியா நாட்டு அந்தியோக்கியாவின் ஆயரான புனித இஞ்ஞாசியார் காட்டு விலங்குகளுக்கு இரையாகுமாறு தீர்ப்பிடப்பட்டு, பத்துப் படைவீரர்களின் காவலில் உரோமை நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். வழியில் சின்ன ஆசியாவின் சிமிர்னா நகரில் அவர்கள் சில நாள்கள் தங்க நேர்ந்தது. செய்தி அறிந்த அண்டைத் திருச்சபைகள், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த அவரைக் கண்டு தேற்றுவதற்குத் தம் சார்பில் ஆள் அனுப்பின. எபேசிலிருந்து ஆயர் ஒனேசிமு வந்தார். திராலெசிலிருந்து ஆயர் பொலிபியு வந்தார். எபேசுக்கு அருகிலிருந்த மக்னேசியாவின் சார்பில் வந்த நால்வரின் பெயர்களை இஞ்ஞாசியாரே எழுதி வைத்துள்ளார். ஆயர் தாமாஸ், மூப்பர்கள் பாஸு, அப்பொல்லோனியு, திருத்தொண்டர் சோத்தியோன் ஆகியோரே அவர்கள். இவர்களுள் ஆயர் தாமாஸ் வயதில் இளையவர்.

அவர்கள் ஊர் திரும்பும்போது கொண்டு செல்வதற்கென்று இஞ்ஞாசியார் மக்னேசியத் திருச்சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதத்தின் மூன்றாம் அதிகாரம் நம் சிந்தனைக்குரியது. ஆயரின் இளமையை எவரும் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாகாது என்கிறார் அவர். அங்குள்ள மூப்பர்கள் அவ்வாறு செய்யவில்லை என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், அவர்கள் இறைவனில் அறிவுடையோராய்த் தம் இளம் ஆயருக்கு இணங்கி நடப்பதாகவும் பாராட்டுகிறார். அவ்வாறு இணங்குவது அந்த இளைஞருக்கன்று, அனைவருக்கும் ஆயராகிய தந்தையாம் கடவுளுக்கே என்று காரணமும் கூறுகிறார். கண்ணுக்குத் தெரியும் ஆயரை ஏய்ப்பவர், உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஆயரை ஏய்க்க முயல்கிறார் என்பது அவர் தரும் எச்சரிக்கை.

இப்பகுதியைப் படிக்கும்போது நம் கவனத்தை ஈர்ப்பது, இஞ்ஞாசியார் யாரை நோக்கிப் பேசுகிறார் என்பதே. அவர் தாமாஸை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை. துணிவாயிரு என்றோ, முதிர்ச்சியோடு நடந்துகொள் என்றோ அவருக்கு அறிவுரை கூறவில்லை. சுற்றியுள்ள பெரியோரை நோக்கியே பேசுகிறார். இளைஞர் தலைமை என்றதும் நம் நினைவுக்கு வருவது வேறொரு கடிதம். தம் இளமையை முன்னிட்டு எவரும் தம்மைத் தாழ்வாகக் கருத இடங்கொடாதபடி திமொத்தேயு நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் பணிக்கிறது. ஆண்டுதோறும் இளைஞர் ஞாயிறு வரும்போது அவ்வசனத்தைத் துணிப் பதாகையில் எழுதி ஆலய முகப்பில் கட்டுகிறோம். அப்படிக் கட்டும்போது, பொறுப்பு முழுவதையும் இளைஞரின் தோளில் ஏற்றிவிடுகிறோம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தொடக்கத் திருச்சபை அவ்வாறு ஏற்றிவிடவில்லை.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது பேச வேண்டும். கிரேக்க மொழியில் 'பிரஸ்பித்தெரோஸ்' என்பதற்கு வயதில் மூத்தவர் என்பதே பொருள். யூதத் தொழுகைக்கூடங்களை நடத்தி வந்த பெரியோருக்கு அப்பெயர் வழங்கிற்று. அவ்வழக்கையே பின்பற்றித் திருச்சபையும் தன் தலைவர்களை அவ்வாறு அழைத்தது. தமிழில் 'மூப்பர்' என்ற சொல்லும் அதே இரு பொருளைத் தாங்கி நிற்பது நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு. வயதும் பதவியும் ஒரே சொல்லில் அடங்கிய ஒரு சமுதாயத்தில், வயதில்லாத ஒருவர் தலைமை இருக்கையில் அமர்கிறார். அவரைச் சுற்றி அமர்ந்திருப்போரின் பெயரே 'மூத்தோர்' என்பது. மக்னேசியாவில் தாமாஸ் இருந்த நிலை இதுதான். பேதுருவின் முதல் திருமுகம் இளைஞர் மூப்பருக்குப் பணிந்திருக்க வேண்டும் என்று கூறுகிறது. அந்த ஒழுங்கு தலைகீழாகும் இடத்தில் என்ன செய்வது? தொடக்கத் திருச்சபை இவ்வினாவை ஏட்டில் ஆராயவில்லை. ஊர்தோறும் எழுந்த சிக்கல்களில் நேரடியாகச் சந்தித்தது.

நம் முன்னோர் சின்னப்பர் என்று அன்போடு அழைத்த புனித பவுல், லிஸ்திராவில் திமொத்தேயுவைச் சேர்த்துக்கொண்டது ஏறத்தாழ கி.பி. 49-ஆம் ஆண்டில். தாய் யூதர், தந்தை கிரேக்கர். பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்த நம்பிக்கையே அவருக்கு வந்து சேர்ந்தது. ஓரிரு ஆண்டுகளுக்குள் அவர் துன்பத்திலிருந்த தெசலோனிக்கத் திருச்சபைக்குத் தனியே அனுப்பப்பட்டார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த நற்செய்தியைக் கேட்டு மகிழ்ந்த பவுல் எழுதிய திருமுகமே, நம்மிடமுள்ள பவுலின் மடல்களுள் மிகப் பழையது எனப் பலரும் கருதும் தெசலோனிக்கருக்கான முதல் திருமுகம். பவுலின் பெயர் தாங்கிய மடல்களுள் ஆறில் உடன் அனுப்புநராகத் திமொத்தேயுவின் பெயரும் இடம்பெற்றுள்ளது.

இதே திமொத்தேயுவைப் பவுல் கொரிந்துக்கும் அனுப்பினார். கொரிந்து எத்தகைய ஊர் என்பதை வாசகர்கள் அறிவர். நான் பவுலைச் சார்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன் என்று பிரிந்து நின்ற ஊர். நாவன்மையைப் போற்றிய ஊர். அத்தகைய மக்கள் நடுவே அவரை அனுப்பியபோது, ஏறத்தாழ கி.பி. 54 அல்லது 55-இல், முதல் திருமுகத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் ஒரு குறிப்பு எழுதினார். திமொத்தேயு வந்தால் அவர் அச்சமின்றி உங்களோடு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், எவரும் அவரை இழிவாக எண்ண வேண்டாம், அமைதியுடன் வழியனுப்பி வையுங்கள் என்பது அதன் கருத்து. பதாகையில் எழுதப்படாத வசனம் இது. இங்கும் பேச்சு ஊராரை நோக்கியே அமைந்துள்ளது. அச்சம் திமொத்தேயுவுக்கு வரலாம் என்பதைப் பவுல் மறைக்கவில்லை. அதைப் போக்கும் கடமை கொரிந்தியருக்கு உரியது என்கிறார். அடுத்து அங்கே பெரும் சிக்கல் எழுந்தபோது பவுலின் தூதராகச் சென்று அதைத் தீர்த்தவர் தீத்து. திமொத்தேயுவை அந்த ஊர் எவ்வாறு வரவேற்றது என்பதை இதிலிருந்து ஊகிப்போரும் உண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்லவில்லை.

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரு திருமுகங்களையும் பவுலே எழுதினாரா, அவர் மறைவுக்குப்பின் அவருடைய சீடர் அவர் பெயரால் எழுதினரா என்பது விவிலிய அறிஞரிடையே நெடுநாள் வழக்கு. சீடர் எழுதினர் என்போரே இன்று பலர். எவர் எழுதியிருப்பினும், முதல் நூற்றாண்டின் இறுதியையொட்டிய ஒரு திருச்சபையில் இளம் தலைவர் ஒருவருக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதை அவை காட்டுகின்றன. அதிகாரத்தை நிலைநாட்டும் வழி பற்றி அவற்றில் ஏதும் இல்லை. வாசிப்பதிலும் அறிவுறுத்துவதிலும் கற்பிப்பதிலும் கருத்தாயிருத்தல், பேச்சிலும் நடத்தையிலும் முன்மாதிரியாய் இருத்தல் ஆகியவையே முதலில் கூறப்படுகின்றன. பின்னர் நுட்பமான செய்திகள் வருகின்றன. முதியவரைக் கடிந்துகொள்ளலாகாது, தந்தையிடம் பேசுவதுபோல் பேச வேண்டும். வயதான பெண்களை அன்னையராகவும் இளம் பெண்களைத் தூய உள்ளத்தோடு தங்கையராகவும் நடத்த வேண்டும். மூப்பர் ஒருவர்மேல் வரும் குற்றச்சாட்டை இரண்டு அல்லது மூன்று சாட்சிகள் இன்றி ஏற்கலாகாது. எவர்மேலும் அவசரப்பட்டுக் கைகளை வைத்துத் திருநிலைப்படுத்தலாகாது. இவற்றோடு, வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சை மது அருந்தலாம் என்ற அறிவுரையும் ஊடே வருகிறது. அந்த ஒரு வரியில் தந்தையின் குரல் கேட்கிறது.

இளமை என்று அங்கே குறிப்பிடப்படுவது எந்த வயது என்பதும் கவனிக்கத்தக்கது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய புனித இரேனேயு, முப்பது வயது இளமையின் தொடக்கம் என்றும் அது நாற்பது வரை நீளும் என்றும் கூறுகிறார். இவ்வளவுப்படி, முப்பத்தைந்து வயதுத் திமொத்தேயு எபேசின் பெரியோருக்கு இளைஞரே. நம் பங்குகளில் நாற்பதைக் கடந்தவர்கள் இளைஞர் இயக்கத்தில் பதவி வகிப்பதைக் கண்டு நாம் நகைப்பதுண்டு. இரேனேயுவை அறிந்தபின் அந்த நகைப்பைச் சற்று அடக்கிக்கொண்டோம்.

மேலும் ஒன்று. திமொத்தேயுவின் அதிகாரத்துக்கு அத்திருமுகங்கள் காட்டும் அடிப்படை அவருடைய திறமை அன்று. மூப்பர் குழுவினர் அவர்மேல் கைகளை வைத்தபோது அருளப்பட்ட கொடையே அது. இரண்டாம் திருமுகம் பவுலின் கைகளைச் சொல்கிறது. முதல் திருமுகம் மூப்பர்களின் கைகளைச் சொல்கிறது. அவரை மதிக்கத் தயங்கக்கூடிய அதே வயதினரின் கைகளே அவர் தலைமேல் வைக்கப்பட்டன. அவரைத் தாழ்வாக எண்ணுவோர், மூப்பர்களின் கைகள் செய்ததையே தாழ்வாக எண்ணுகின்றனர்.

இனி மீண்டும் கொரிந்துக்கு வருவோம். பவுல் எழுதி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஏறத்தாழ கி.பி. 96-இல் உரோமைத் திருச்சபை கொரிந்துத் திருச்சபைக்கு 65 அதிகாரங்கள் கொண்ட நீண்ட கடிதம் ஒன்றை அனுப்புகிறது. அதில் எழுதியவர் பெயர் இல்லை; மரபு அதைத் திருத்தந்தை புனித கிளமெந்துக்கு உரியதாக்குகிறது. அங்கே இளைஞர்கள் முதியோருக்கு எதிராக எழுந்தனர். குற்றமற்ற முறையில் பணியாற்றிய மூப்பர் சிலர் பதவியிலிருந்து அகற்றப்பட்டனர். திமொத்தேயுவை இழிவாக எண்ணாதீர் என்று கேட்டுக்கொள்ளப்பட்ட அதே ஊரில், இப்போது இளைஞர் மூப்பரை இழிவாக எண்ணுகின்றனர். திமொத்தேயு வந்தபோது இளைஞராயிருந்து, இப்போது மூப்பராகி, அகற்றப்பட்டோரும் அவர்களிடையே இருந்திருக்கலாம்.

கிளமெந்தின் கடிதம் மூப்பர் பக்கம் நிற்கிறது என்பதில் ஐயமில்லை. திருத்தூதர்களாலும், பின்னர் மற்றச் சான்றோராலும், திருச்சபை முழுவதன் இசைவோடு ஏற்படுத்தப்பட்டவர்களைக் காரணமின்றி அகற்றுவது நீதியன்று என்று 44-ஆம் அதிகாரம் திட்டவட்டமாகக் கூறுகிறது. ஆயினும் அக்கடிதத்தை 'இளைஞரே, அடங்குங்கள்' என்ற ஒற்றைக் கட்டளையாகச் சுருக்குவது பிழை. பொறாமை விளைத்த கேடுகளுக்கு எடுத்துக்காட்டு அடுக்கும் 4-ஆம் அதிகாரத்தில் காயினும் ஆபேலும் வருகின்றனர். தம்மினும் மூத்த சகோதரரால் துன்புற்ற யோசேப்பு வருகிறார். முதிர்ந்த அரசன் சவுலால் துரத்தப்பட்ட இளைஞர் தாவீது வருகிறார். மூத்தோர் இளையோர்மீது கொண்ட பொறாமைக்கே இவற்றுள் பல சான்று பகர்கின்றன. இளைஞரைக் கண்டிக்க எழுதிய கடிதத்திலேயே இவற்றைச் சேர்த்த ஆசிரியரின் நேர்மை பாராட்டத்தக்கது. குருமாணவராயிருந்த காலத்தில் இக்கடிதத்தை ஆயர் பதவியின் தொடர்ச்சிக்குச் சான்றாக மட்டுமே படித்தோம். தேர்வுக்கு அது போதுமானதாயிருந்தது.

கலகத்துக்குக் காரணமானோரிடம் அக்கடிதம் கேட்பது என்ன என்பதையும் நோக்க வேண்டும். உங்களுள் பெருந்தன்மை உடையவர் எவரோ அவர், என் பொருட்டுப் பிரிவினை உண்டாயிற்றெனில் நான் விலகிச் செல்கிறேன், கிறிஸ்துவின் மந்தை அமைதியாய் இருக்கட்டும் என்று கூறுவாராக என்கிறது 54-ஆம் அதிகாரம். தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. கலகக்காரரிடமும் பெருந்தன்மை இருக்கும் என்று நம்பி, அதை நோக்கி வேண்டுகிறது. கடிதத்தைக் கொண்டு சென்ற தூதர்கள், இளமை முதல் முதுமை வரை உரோமைத் திருச்சபையில் மாசற்று வாழ்ந்த மனிதர்கள் என அறிமுகப்படுத்தப்படுகின்றனர். இளைஞராயிருந்து முதியவராகியும் கசந்து போகாதவர்களை நேரில் காண்பது கொரிந்து இளைஞருக்கு ஒரு பாடமாயிருக்கும் என்று உரோமை எண்ணியிருக்கலாம். கடிதம் வீண்போகவில்லை. ஏறத்தாழ கி.பி. 170-இல் கொரிந்தின் ஆயர் தியோனீசியு, கிளமெந்தின் கடிதம் தம் ஆலயத்தில் ஆண்டவரின் நாளில் வாசிக்கப்பட்டு வருவதாகத் திருத்தந்தை சொத்தேருக்குத் தெரிவித்தார். தன்னைக் கடிந்துகொண்ட மடலை மூன்று தலைமுறை போற்றி வாசித்த ஊர் அது.

ஆக, ஒரு கடிதம் இளம் தலைவருக்கு, ஒன்று மூத்தோருக்கு, ஒன்று அத்துமீறிய இளைஞருக்கு. அவரவர்க்கு உரியது அவரவர் முகவரிக்குச் சென்றது. துன்பம் எழுவது, ஒருவருக்கு வந்த கடிதத்தை மற்றவர் பிரித்துப் படிக்கும்போதுதான். முதியவர் கிளமெந்தை உரத்துப் படிக்கிறார். இளைஞர் இஞ்ஞாசியாரை உரத்துப் படிக்கிறார்.

இஞ்ஞாசியார் சிமிர்னாவில் தங்கியபோது அவ்வூர் ஆயராயிருந்தவர் புனித போலிக்கார்ப்பு. அவருக்கு அப்போது வயது நாற்பதை ஒட்டியிருக்கலாம். பயணத்தைத் தொடர்ந்த இஞ்ஞாசியார் துரோவாவிலிருந்து அவருக்குத் தனியே ஒரு மடல் எழுதினார். சாவை நோக்கிச் செல்லும் முதியவர் இளைய ஆயருக்குத் தரும் பாடம் அது. நல்ல சீடரிடம் மட்டும் அன்பு கொள்வதில் பெருமையில்லை, தொல்லை தருவோரைக் கனிவால் வெல்ல வேண்டும். எல்லாப் புண்ணுக்கும் ஒரே மருந்து உதவாது. அடிக்கப்படும் பட்டறைக்கல்போல் உறுதியாய் நிற்க வேண்டும். அடிமைகளை இழிவாக எண்ணலாகாது. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தேட வேண்டும். இவ்வாறு போகிறது அப்பாடம். ஏறத்தாழ கி.பி. 155-இல் மறைசாட்சியாக இறந்தபோது, எண்பத்தாறு ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்ததாக அவர் கூறினார். முதுமையில் அவர் கற்பித்ததைக் கேட்ட சிறுவர்களுள் ஒருவரே முன்னர்க் கண்ட இரேனேயு. போலிக்கார்ப்பு அமர்ந்து பேசிய இடம், அவர் வந்து சென்ற விதம், ஆண்டவரைக் கண்டவர்களைப் பற்றி அவர் சொன்னவை அனைத்தும் அண்மையில் நடந்தவற்றைவிடத் தெளிவாகத் தம் நினைவில் நிற்பதாக இரேனேயு பிற்காலத்தில் எழுதினார். கற்பித்தலின் அதிகாரம் இப்படித்தான் கைமாறிற்று.

எல்லா இடத்திலும் அது இவ்வளவு அழகாகக் கைமாறிற்று என்று எண்ண வேண்டா. அலெக்சாந்திரியாவின் ஓரிஜன் கதை வேறு. கி.பி. 202-ஐ ஒட்டிய கலாபனையில் அவருடைய தந்தை லெயோனிதாஸ் தலை வெட்டப்பட்டு இறந்தபோது ஓரிஜனுக்குப் பதினேழு வயது நிரம்பவில்லை. மறைசாட்சியாக வேண்டும் என்று வெளியே ஓடத் துடித்த மகனைத் தடுக்க, தாய் அவருடைய ஆடைகளை ஒளித்து வைத்தார். சிறையிலிருந்த தந்தைக்கு, எங்கள் பொருட்டு மனம் மாற வேண்டாம் என்று மகன் எழுதினார். உடைமைகள் பறிமுதலாயின, கீழே ஆறு தம்பியர். இலக்கணம் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். மறைக்கல்வி கற்பிக்க ஆளின்றி எல்லாரும் அஞ்சி ஓடிவிட்ட நிலையில், பிற சமயத்தார் சிலர் அவரை நாடி வந்தனர். அவருக்குப் பதினெட்டு வயது நடந்தபோது ஆயர் தெமேத்திரியு மறைக்கல்விப் பள்ளியின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். அவருடைய மாணவர் பலர் மறைசாட்சியாயினர். அவர்களோடு கொலைக்களம் வரை சென்றார் அந்த இளம் ஆசிரியர்.

இவற்றையெல்லாம் நமக்கு எழுதி வைத்த செசரியாவின் யூசேபியு இன்னொரு செய்தியும் தருகிறார். ஓரிஜன் சிறுவனாயிருந்தபோது மறைநூலில் கேட்ட ஆழ்ந்த கேள்விகளுக்குத் தந்தை வெளிப்படையாகக் கடிந்துகொள்வாராம். ஆனால் பிள்ளை உறங்கும்போது அருகில் நின்று, மார்பிலிருந்த துணியை விலக்கி, தூய ஆவியின் இல்லம் என்றெண்ணி அங்கே முத்தமிடுவாராம். கண்டிப்பும் வணக்கமும் ஒரே தந்தையிடம் இருந்தன.

ஆயர் தெமேத்திரியுவிடம் அவை நிலைக்கவில்லை. பதினெட்டு வயதுப் பொதுநிலையினரிடம் பள்ளியை ஒப்படைக்கத் துணிந்த அவரால், அந்த இளைஞர் வளர்ந்து புகழ் பெற்றதைப் பொறுக்க இயலவில்லை. ஏறத்தாழ கி.பி. 215-இல் பாலஸ்தீன ஆயர்கள் ஓரிஜனைத் தங்கள் முன்னிலையில் மறையுரையாற்ற அழைத்தனர். ஆயர்கள் அமர்ந்திருக்கப் பொதுநிலையினர் பேசுவதா என்று தெமேத்திரியு சினந்தார். பாலஸ்தீன ஆயர்களோ அதற்குமுன் அவ்வாறு பேசிய பொதுநிலையினர் மூவரின் பெயரையும், அவர்களை அழைத்த ஆயர்களின் பெயரையும் குறிப்பிட்டு விடையளித்தனர். பின்னர் ஏறத்தாழ கி.பி. 230-இல் அதே பாலஸ்தீன ஆயர்கள் ஓரிஜனுக்குக் குருப்பட்டம் அளித்தபோது உறவு முறிந்தது; அவர் அலெக்சாந்திரியாவை விட்டே வெளியேற நேர்ந்தது. தம் இசைவின்றிப் பிற மறைமாவட்டத்தார் தம் ஆளுக்குப் பட்டமளித்தது ஒழுங்கன்று என்ற தெமேத்திரியுவின் முறையீட்டில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முன்னரே அவர் உள்ளத்தில் மனித பலவீனம் புகுந்துவிட்டது என்று யூசேபியு எழுதுகிறார். அவர் இழந்தவரைச் செசரியா பெற்றது. அங்கே அவரிடம் ஐந்து ஆண்டுகள் பயின்ற கிரகோரியும் அவருடைய தம்பி அத்தெனோதோரும் இளைஞராயிருக்கும்போதே போந்து நாட்டில் ஆயர்களாயினர்.

திருச்சபை வயதுக்கு வரம்பும் வகுக்க முயன்றது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த 'திருத்தூதர் போதனை' என்னும் நூல் ஆயருக்கு ஐம்பது வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. சிறிய ஊரில் அத்தகையோர் கிடைக்காவிடில், நற்சான்று பெற்ற இளைஞரை ஏற்கலாம் என்று உடனே கதவையும் திறந்து வைக்கிறது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய நெயோசெசரியச் சங்கம், ஆண்டவர் முப்பதாம் வயதில் திருமுழுக்குப் பெற்றுக் கற்பிக்கத் தொடங்கியதைக் காட்டி, முப்பதுக்குமுன் எவரும் மூப்பராகலாகாது என்றது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் குருவுக்கு இருபத்தைந்தும் ஆயருக்கு முப்பத்தைந்தும் குறைந்த அளவாக உள்ளன. எண்களால் வரையறுக்கத்தக்க பகுதி இவ்வளவே.

நாம் குருப்பட்டம் பெற்று முதன்முதலாக ஒரு பங்கின் பொறுப்பேற்றபோது நமக்கு வயது இருபத்தொன்பது. அங்கிருந்த உபதேசியாருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குச் செபங்களும் ஞானோபதேசமும் கற்பித்தவர். அவருடைய மனப்பாட முறை நமக்குப் பிடிக்கவில்லை. குருமடத்தில் கற்ற புதிய முறைகள் நம் கையில் புத்தம் புதிதாயிருந்தன. வந்து இரண்டு திங்களுக்குள் புதுநன்மை வகுப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அவரை அழைத்துப் பேசவும் இல்லை. ஞாயிறு அறிவிப்பில் வாசித்துவிட்டோம். அன்று மாலை அவர் வந்து வகுப்பறைத் திறவுகோலை நம் மேசைமேல் வைத்துவிட்டுத் தோத்திரம் சொல்லிச் சென்றார். பங்குப் பேரவையில் சிலர் அவருக்காகக் குரல் எழுப்பியபோது, எழுந்து நின்றவர் அவரே. "சாமி ஒன்று செய்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும். பொறுத்துப் பார்ப்போம்" என்றார். நாம் அதை நமக்குக் கிடைத்த வெற்றி என்று கொண்டோம்.

அந்த ஆண்டு ஒரு சாவு வீட்டில் செபமாலை தொடங்கியது. நம் வகுப்பில் படம் பார்த்தும் பாட்டுப் பாடியும் பயின்ற பிள்ளைகள் மறைபொருள்களின் வரிசை தெரியாமல் விழித்தனர். அவர்களுடைய பெற்றோரும் பாட்டிமாருமே செபத்தைத் தாங்கினர். அனைவரும் உபதேசியாரிடம் பயின்றவர்கள். அவர் நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று அப்போது தோன்றிற்று. அதன்பின்னும் நாம் வகுப்பைத் திருப்பித் தரவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. நாம் அப்பங்கிலிருந்து மாற்றலாகி வந்த மறு ஆண்டு அவர் காலமானார் என்று கேள்விப்பட்டோம். அவர் நமக்குப் பணிந்தது நம் பொருட்டன்று என்பது, மக்னேசியர் கடிதத்தைப் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் படித்தபோதுதான் விளங்கிற்று. மூப்பர்களான பாஸுவையும் அப்பொல்லோனியுவையும் நாம் நேரில் கண்டிருக்கிறோம், அடையாளம் தெரியவில்லை.

அக்கடிதத்தை மீண்டும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு நம் பங்கிற்கு உதவிப் பங்குத்தந்தை ஒருவர் வந்தார். வயது இருபத்தெட்டு. ஞாயிறு மாலைகளில் பெரியவர்களுக்கு விவிலிய வகுப்பு நடத்த விரும்புவதாக முதல் வாரமே சொன்னார். "பார்ப்போம், தந்தையே" என்றோம். இரண்டு திங்கள் கழித்து மீண்டும் கேட்டார். அறுவடை முடியட்டும் என்றோம். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. உணவு மேசையில் அவர் பேச்சுக் குறைந்ததை நம் சமையற்காரர்தாம் முதலில் கவனித்துச் சொன்னார். நம் ஐம்பத்தாறு வயதில், தெமேத்திரியுவின் இருக்கை எவ்வளவு வசதியானது என்பதை அன்று உணர்ந்தோம். பொறாமை என்று அதற்குப் பெயரிட நமக்குச் சில நாள்கள் பிடித்தன. முன்னனுபவம், நிதானம் என்ற பெயர்களே முதலில் வந்தன.

சென்ற வாரம் அவரிடம் பேசினோம். வகுப்பைத் திமொத்தேயுவின் திருமுகங்களிலிருந்து தொடங்கலாமா என்று அவர் கேட்டார். அவர் விருப்பம் என்றோம். வரும் திங்களின் முதல் ஞாயிறன்று மாலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறது. நாமும் செல்கிறோம்.